சாமி ரூம் ரூட்டர்

செருப்ப அங்கனயே விட்டுட்டு வா தாயி. பைய நாற்காலில வை. பொம்பளப்பிள்ளைய அனுப்புவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல பாத்துக்கோ. எப்பவும் ஒரு தடியன் வருவான், வீட்டையே இடிக்கிற மாதிரி பெல்ல அமுக்குவான், பத்து நிமிசம் பாத்துட்டு நாளைக்கு வாரேன்னு போயிருவான். நீ வந்தது எனக்கு சந்தோசம். குளிச்சிட்டுத்தான வந்த? தப்பா நினைக்காத, நான் யாரையும் கேப்பேன்.

வெளிய கம்பத்துல ஏறிப் பாத்தியே, நெட்டு லைன் நல்லாருக்கா? அப்ப கோளாறு பெட்டியிலதானா? பின்னால வயர் நுனியக் கழட்டித் தொடச்சு மாட்டணுமா? சரி, போய் மாட்டு. அந்தா கதவு சாத்திருக்குல்லா, அதான் சாமி ரூம். அதுக்குள்ளதான் இருக்கு பெட்டி. ஸ்டூலு போட்டு ஏறணும், பலகை மேல இருக்கு.

என்ன நிக்க? நான் எடுத்துட்டு வரணுமா? நல்லாருக்கே கதை. என் கையப் பாத்தியா, மாவுக்கட்டு. வலது கை. இந்தப் பெட்டிக்காக ஸ்டூல்ல ஏறித்தான் விழுந்தேன். இன்னொரு தடவ ஏறி விழுந்தா இடுப்பு போயிரும், அப்புறம் நீங்க படுத்தே கெடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

கூட வேலை பாக்கிற பையனுக்கு போன் போட்டிருக்கியா? அவன் வந்துதான் உள்ள போவானா? ஏன், உனக்கு இந்த வேலை தெரியாதா? சரி, சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. உக்காரு. நாற்காலில உக்காரு. வேண்டாமா? நிக்கியா? நின்னுக்கோ. காப்பியாவது குடிக்கியா? அதுவும் வேண்டாமா? என்ன பிள்ள நீ.

ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. பத்தரைக்குள்ள நெட் வந்தாகணும். இன்னிக்கு என் பேத்திக்குக் காது குத்து. தூத்துக்குடில, என் மருமக அம்மா வீட்ல. என் மகன் அங்கதான் நிக்கான். வீடியோல காட்டுதேன்னு சொல்லிருக்கான். பிள்ளைக்குக் காது குத்தறத நான் பாக்கணும். அழுவா. அழுதாலும் பாக்கணும்.

நீ ஏன் போகலன்னு கேளேன். கேக்க மாட்ட. தெருவே கேக்கு, நீ மட்டும் கேக்க மாட்டேங்க. கூப்பிட்டாவ, இல்லன்னு சொல்லல. சம்பந்தி அம்மாவே போன் போட்டு, மதினி நீங்க வரணும்னா. என் வீட்ட விட்டுப் போன மருமக வீட்டு வாசப்படிய நான் போய் மிதிக்கணுமா? வர முடியாதுன்னுட்டேன். அவ ஒரு வார்த்த இறங்கி வரட்டும், நான் வாரேன்.

எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பெட்டிதான். நான் இல்ல.

என் மகன் ஆவுடையப்பன், மருந்துக் கம்பெனில ரெப்பு. வாரத்துல பாதி நாள் சங்கரன்கோவில், ராஜபாளையம்னு சுத்துவான். மருமக பேரு ஆனந்தவல்லி. வல்லின்னு கூப்பிடுவோம். அவ வீட்ல இருந்தே வேலை பாக்கா. அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரி பில்லயெல்லாம் இவ சரி பாக்கணுமாம். அங்க ஒருத்தன் காலு ஒடிஞ்சு கெடக்கான், இங்க பாளையங்கோட்டைல இவ கணக்குப் பாக்கா. அதுக்கு நல்ல நெட் வேணும், நடுவுல போகக் கூடாதுன்னு சொன்னா.

வண்ணாரப்பேட்டைல ஒரு கடைக்குப் போனோம். மூணு பேரும்தான் போனோம். கடைக்காரன் ரெண்டு பெட்டிய எடுத்து வச்சான். ஒண்ணுக்கு ரெண்டு கொம்பு, இன்னொண்ணுக்கு நாலு கொம்பு. நாலு கொம்புல என்ன விசேசம்னு நான்தான் கேட்டேன். இது வீடு முச்சூடும் எடுக்கும் அம்மா, இதுல பயர்வாலு இருக்குன்னான். அது என்னதுன்னேன். உள்ள வாரது, வெளிய போறது எல்லாத்தையும் நிறுத்தி வச்சு விசாரிச்சு அனுப்பும், கள்ளப் பயக ஒருத்தனும் உங்க போனுக்குள்ள நுழைய முடியாதுன்னான். எனக்குப் பிடிச்சுப் போச்சு. எதுத்த வீட்டு வாத்தியாருக்கு அந்த மாசம்தான் யாரோ ஒரு லிங்க அனுப்பி, அதத் தொட்டதும் பேங்குல இருந்த பணம் எல்லாம் போயிருந்துது. மனுசன் எட்டு நாளு சாப்பிடல. ஆவுடையப்பன் விலையப் பாத்து யோசிச்சான். நான்தான் சொன்னேன், ஆனைய வாங்க வந்துட்டு அங்குசத்துக்கு யோசிக்காதடான்னு.

மாட்ட வந்த பையன் ஹால்ல, டிவி பக்கத்துல மாட்டுதேன்னான். வல்லியும் அதத்தான் சொன்னா. நான் கேட்டேன், ஏம்ப்பா, இது வீட்டுக்குக் காவலுக்குத்தான வருது, காவலுக்கு வாரத செருப்பு கழட்டுற இடத்துலயா வைக்கது? சாமி ரூம்ல வைன்னேன். சீரியல் லைட்டுக்குன்னு போட்ட பிளக்கு அங்க சும்மா கெடந்துது. ஈசான மூலை. பிள்ள கையும் எட்டாது. முருகர் படத்துக்குப் பக்கத்துல பலகை அடிச்சு ஏத்தியாச்சு. ராகு காலம் கழியட்டும்னு அந்தப் பையன உக்கார வச்சு, அப்புறம்தான் சுவிட்ச போட்டோம். சந்தனம் வச்சு குங்குமம் வச்சேன். பாட்டி, அந்த ஓட்டைய அடச்சிராதீங்க, சூடாயிரும்னான். பாட்டியாம். அன்னிக்கு எனக்கு இந்த நரைகூட இல்ல.

வல்லி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவாக் கேட்டா, "அத்த, எனக்கு முடியாத நாள்ல நெட்டு நின்னுட்டுன்னா நான் என்ன செய்ய?" நான் சொன்னேன், ஏளா, நான் எதுக்கு இருக்கேன்? கூப்பிடு, வந்து போட்டுத் தாரேன். இதுக்கு மேல ஒரு மாமியா என்ன சொல்லணும்?

நீயே சொல்லு. எங்க மாமியா இருந்த காலத்துல நாங்க எல்லாம் பின்வாசல்லதான் கெடப்போம். மழைன்னாலும் அங்கதான். இவளுக்கு அப்பிடியா? ஃபேன் போட்ட ரூமு, கட்டிலு, நேரத்துக்குச் சாப்பாடு. தட்ட வாசல்ல நான் கொண்டுபோய் வைக்கேன். சாமி ரூமுக்கும் அடுப்படிக்கும் மட்டும் வராதன்னா அதுவா பெரிய காரியம்?

பயர்வாலுக்கு அனுமதி கொடுக்கறதும் என் போன்லதான் வச்சான் ஆவுடையப்பன். புதுசா ஒரு போனோ கம்ப்யூட்டரோ நம்ம நெட்டுல சேரணும்னா என்கிட்ட கேக்கும். பச்சைய அமுத்துனா உள்ள. சிகப்ப அமுத்துனா வெளிய. "ஏன், என் போன்ல வைக்கக் கூடாதா? நான்தான அதுல வேலை பாக்கேன்"னு வல்லி கேட்டா. "அம்மாதான எப்பவும் வீட்ல இருக்கா, நீ மீட்டிங்ல இருப்ப"ன்னுட்டான் அவன். தெரியாததுக்கு எல்லாம் சிகப்ப அமுத்திரும்மான்னு எனக்கும் சொல்லிக் குடுத்தான். எனக்குத் தெரியாததுதான் நிறைய.

உண்மையச் சொன்னா எனக்கு அது பிடிச்சிருந்துது. இந்த வீட்ல யாரு என்னைக் கேட்டு எதச் செஞ்சாவ? சந்தைக்குப் போறதுக்கும் எங்க வீட்டுக்காரவுகளக் கேக்கணும், அவுக போனப்புறம் மகனக் கேக்கணும். இது ஒண்ணுதான் என்னைக் கேட்டுச்சு. உள்ள விடவான்னு கேக்கும். நான் கண்ணாடியப் போட்டுப் பாத்து, யோசிச்சு அமுத்துவேன்.

சம்பந்தி அம்மா ஒரு தடவ பிள்ளையப் பாக்க வந்து தங்கினா. அவ போனு கேட்டுச்சு. ஏதோ எழுத்தும் நம்பருமா இருந்துது. நான் சிகப்ப அமுத்திட்டேன். ஊருக்குப் போற வரைக்கும் அவ சீரியல் பாக்க முடியாம உக்காந்திருந்தா. அது அவ போனுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். மறுநாளே தெரியும். பச்சைக்கு மாத்தலாம்தான். மறந்துட்டேன்.

ஆனா அந்தப் பெட்டிக்குத் தெம்பு பத்தாது தாயி. அடிக்கடி நின்னு போயிரும். சிகப்பு லைட்டு எரியும். ஏறி சுவிட்ச அமத்திப் போட்டாத்தான் வரும். என்ன சொல்லுத? விளக்குச் சூடும் சாம்பிராணிப் புகையும் ஆகாதா? அப்ப சாமிக்கு விளக்கேத்தாம இருக்க முடியுமா? அதத் தாங்குற பெட்டியால்லா நீங்க செய்யணும்.

அப்ப ஆரம்பிச்சுது என் கஷ்டம். "அத்த, நெட்டு போச்சு." "அத்த, நெட்டு போச்சு." நான் குளிச்சிட்டு இருந்தாலும் சரி, சாப்பாட்டுல கை வச்சாலும் சரி. வல்லி ஏறலாம்லான்னு கேப்ப. மத்த நாள்ல ஏறுவா. அந்த நாள்ல முடியாதுல்லா. அந்த நாள் எப்ப வருதுன்னு யாரு கண்டா. இவளுக்கு ஒரு ஒழுங்கே கிடையாது. அதனால நான் எங்கயும் போக முடியல. எங்க அக்கா தென்காசில படுத்திருந்தா, போய் ரெண்டு நாள் இருக்க முடியல. திருச்செந்தூர் போகல. மத்தியானம் கண்ண மூடுனா ஜன்னலத் தட்டுவா. கட்டிப் போட்ட மாடு மாதிரி இந்த வீட்டச் சுத்தியே கெடந்தேன். அவ என்னமோ தான் மாட்டிக்கிட்ட மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பா. மாட்டிக்கிட்டது நானு.

ஒரு தடவ கேட்டாளே என்னைய. "அத்த, அந்தப் பெட்டிய ஹாலுக்கு மாத்திட்டா நீங்களும் நிம்மதியாத் தென்காசிக்குப் போய்ட்டு வரலாம், நானும் நிம்மதியா வேலை பாப்பேன்"னா. என்ன புத்தி பாரு. என்னைய வெளிய அனுப்புறதுக்கு வழி தேடுதா. முடியாதுன்னுட்டேன்.

அப்பதான் ஆனித் தேர் வந்துது. நெல்லையப்பர் தேரு. ரெண்டு வருசமாப் போகல, இந்த வருசம் வடம் பிடிச்சே ஆகணும்னு நினைச்சேன். அன்னிக்கு வல்லி வீட்டுக்கு விலக்கு. ஆவுடையப்பன் வீட்ல இருக்கேன்னு சொன்னான், அதான் துணிஞ்சு கெளம்பினேன். நான் போனதும் அவனுக்கு மேனேஜர் கூப்பிட்டு, போயிட்டான். எனக்கு அது தெரியாது.

வல்லிக்கு அன்னிக்கு ஏதோ பெரிய மீட்டிங்காம். வேலைல ஒசத்துறதுக்கு முன்னால கேள்வி கேப்பாங்கள்லா, அது. நடுவுல நெட்டு நின்னு போச்சு. அவ எனக்குக் கூப்பிட்டிருக்கா. தேர்ல என்ன சத்தம், எங்க கேக்க? நான் வடத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், இடுப்புல சொருகின போனு அதிருது. எடுத்துப் பாத்தா பயர்வாலு எழுதிருக்கு: 'ரூட்டர் மீண்டும் தொடங்கியது. உங்கள் வீடு பாதுகாப்பாக உள்ளது.'

மகன் போட்டிருப்பான்னு அவனுக்கு போன் அடிச்சா, நான் கோவில்பட்டிலம்மாங்கான். அப்ப வேற யாரு போட்டது? வடத்த விட்டுட்டு வந்துட்டேன் தாயி. தேரு நிலைக்கு வாரதப் பாக்காம வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா சாமி ரூம் கதவு ஒருக்களிச்சு நிக்கி. ஸ்டூலு உள்ள. நான் கேட்டேன், ஏளா, நீ போனியா? "போனேன் அத்த." அம்புட்டுத்தான். கண்ணக் கூடத் தாழ்த்தல. நான் போகல, அது தானா வந்துட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் நம்பிருப்பேன். சத்தியமா நம்பிருப்பேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்ததான். அதக் கூட எனக்குத் தர மனசு வரல அவளுக்கு.

என்ன பாக்க? நான் கொடுமைக்காரின்னு நினைக்கியா? நான் செய்யாததயா அவளச் செய்யச் சொன்னேன்? இந்த ஊருக்குக் கல்யாணம் ஆகி வந்த புதுசு. அப்ப எங்க வீட்ல போனு சாமி மாடத்துக்குக் கீழதான் இருக்கும், தந்தப் பெட்டி மாதிரித் துணி போட்டு மூடி வச்சிருப்பாவ. நான் பின்வாசல்ல ஒதுங்கி இருக்கேன். எல்லாரும் கல்யாண வீட்டுக்குப் போயிட்டாவ. போன் மணி அடிக்கு. அடிச்சு அடிச்சு நிக்கி. திருப்பி அடிக்கு. நான் எந்திரிச்சு நடையில கால வச்சேன், கால பின்னால எடுத்துட்டேன். போகல. சாயந்தரம்தான் தெரிஞ்சுது, எங்கப்பாவுக்கு முடியாம ஆஸ்பத்திரில கெடந்திருக்காவ. வடிவு குரல ஒருக்கக் கேட்டுக்கிடுதேன்னு சொன்னாவளாம். சங்கரவடிவுங்கிறது என் பேரு. வடிவுன்னுதான் கூப்பிடுவாவ. நான் போய்ச் சேரறதுக்குள்ள எடுத்துட்டாவ.

எதுக்குச் சொல்லுதேன்னா, அப்பிடி இருந்தோம் நாங்க. ஒரு மீட்டிங்குக்காகவா உள்ள போனோம்?

அந்த மணிச் சத்தம் இப்பவும் எனக்குக் கேக்கும். சரி, அத விடு.

அன்னிக்கு சாமி ரூம முழுசா அலசி விட்டேன். படத்தயெல்லாம் எறக்கித் தொடச்சேன். பெட்டிக்கும் லேசா மஞ்சத்தண்ணி தெளிச்சேன். லேசாத்தான். நீ ஒண்ணும் பதறாத. வாயில வந்ததயும் சொன்னேன்தான், கோவத்துல யாரு அளந்து பேசுவா? அப்புறம் போன எடுத்து, வல்லியோட லேப்டாப்பப் பாத்து சிகப்ப அமுத்திட்டேன். ரெண்டு நாளு கெடக்கட்டும், புத்தி வரட்டும்னுதான். நிரந்தரமா இல்ல.

ரெண்டு நாள் அவ காத்திருக்கல. மறுநாள் காலைல பிள்ளையத் தூக்கிக்கிட்டு, துணிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கா. சத்தம் போடல, அழல. "ரூட்டரு சாமி ரூம்ல இருந்து வெளிய வரட்டும் அத்த. அன்னிக்கு நான் உள்ள வாரேன்"னா. போயிட்டா. பிள்ள அப்ப தவழ்ந்துக்கிட்டு இருந்தா. தாரிகான்னு பேரு, தாருன்னா திரும்பிப் பாப்பா. வாசல் வரைக்கும் என்னையப் பாத்துக்கிட்டே போச்சு அது. இப்ப நடக்காளாம். முதல் அடி எடுத்து வச்சத போன்ல காட்டுனான் ஆவுடையப்பன். கீழ விழுந்துட்டு சிரிக்கா. நான் இங்க கைய நீட்டுதேன், போனுல எங்க பிடிக்க?

மகன் இங்கயும் அங்கயுமா அலையுதான். இங்க வந்தா ஒரு நாள், அங்க போனா நாலு நாள். "எம்மா, ஒரு பெட்டிதானம்மா, ஹால்ல மாட்டிருவோம்"ங்கான். அது பெட்டியாடா? அத மாத்திட்டா நான் தோத்தேன்னுல்லா ஆகும். தெருவே பாத்துக்கிட்டு இருக்கு. மாமியா உடச்சா மண்குடம், மருமக உடச்சா பொன்குடம்னு எதுத்த வீட்டுக்காரி என் காதுபடவே சொல்லுதா. உலைவாய மூடலாம், ஊர்வாய மூட முடியுமா?

அப்புறம் ஒரு நாள் பெட்டி நின்னு போச்சு. பிள்ளைய போன்ல பாக்க வேண்டிய நேரம். நான் ஸ்டூல்ல ஏறுனேன். ஆடிச்சு. விழுந்துட்டேன். ஹால் வரைக்கும் தவழ்ந்து வந்துதான் வாசக்கதவத் தட்டி அக்கம்பக்கத்தக் கூப்பிட்டேன். பேத்தி நடக்கா, இந்த வயசுல நான் தவழ்ந்தேன்.

முன்னால அந்தப் பயர்வாலத் திறந்தா, ஏழு கருவி பாதுகாப்பா இருக்குன்னு போடும். அவ லேப்டாப்பு, அவ போனு, மகன் போனு, டிவி, அது இதுன்னு. இப்ப ஒண்ணு பாதுகாப்பா இருக்குன்னு போடுது. என் போனுதான். டிவியக் கூட மகன் அங்க கொண்டுபோயிட்டான், பிள்ள பாட்டு பாக்குமாம். நல்லதுதான. ஒரு களவாணியும் வரல இன்னிக்கு வரைக்கும்.

மணி என்ன ஆகுது? எங்க உன்கூட வேலை பாக்கிற பையன்? இன்னும் சமாதானபுரத்துலயே நிக்கானா? வேற வீட்ல வேலை முடியலயா? அவன் எப்ப வந்து, எப்ப மாட்டி? உன் போன்ல இருந்து நெட்ட எனக்குத் தர முடியும்னியே, அதக் குடு, பாப்போம். பாத்தியா, வட்டமாச் சுத்துது. இந்த வீட்டுக்குள்ள பேசத்தான் டவர் எடுக்கும், நெட்டுக்கு எடுக்காது. தெருவுல நின்னு பாக்கணுமா? தெருவுல நின்னா? சொந்தப் பேத்தி காது குத்துக்குப் போகாம நடுத்தெருவுல நின்னு போன்ல பாக்காளேன்னு எதுத்த வீட்டுக்காரி சிரிக்கணுமா? அதுக்கு நான் பாக்காமயே கெடப்பேன்.

இரு, போனு. மகன்தான்.

சொல்லுடா. வரலடா இன்னும். நெட்டு பாக்கிற பிள்ள வந்திருக்கு, நிக்கி. ஆசாரி வந்து உக்காந்தாச்சா? மாமன் மடியில வச்சாச்சா? ஒரு பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லேன். நேரம் தப்பிருமா? அழுதாளா? என்னைத் தேடுதாளா? பொய் சொல்லாதடா. சரி. வைக்கேன். வைக்கேன்டா.

எம்மா, நீயே போயேன். உன்னக் கெஞ்சிக் கேக்கேன். வயர் நுனியத் தொடச்சு மாட்டுறதுக்கு ஒரு ஆம்பள வரணுமா? கம்பத்துல அம்புட்டு உயரம் ஏறுனியே, இந்த ஸ்டூல்ல ஏற மாட்டியா? என்ன, ஏன் தலையக் குனியுத? என்ன சொல்லுத, சத்தமாச் சொல்லு.

ஓ.

அப்படியா.

வந்ததுல இருந்து அதுக்குத்தான் நிக்கியா? நாற்காலில கூட உக்காராம? காப்பி வேண்டாம்னதும் அதுக்குத்தானா? நான் கேட்டேனே உன்னைய, குளிச்சிட்டுத்தான வந்தன்னு. ஆமான்னு தலையாட்டுன. குளிச்சிருப்ப. ஆனா நான் கேட்டது எதுக்குன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேசாம உள்ள போயிருந்தா எனக்குத் தெரியவா போகுது? போய் மாட்டிட்டு வந்திருந்தா நான் கேட்டிருக்கவா போறேன்? ஏன் இப்படி எல்லாரும் என்கிட்ட வந்து உண்மையச் சொல்லுதீங்க? நீயும் அவள மாதிரிதான். கண்ணப் பாத்துச் சொல்லுத.

திருப்பி அடிக்கான் பாரு. இத எடுத்து நான் அவன்ட்ட என்னன்னு சொல்ல? அடிக்கட்டும். எவ்வளவு நேரம்தான் அடிக்கும்.

நின்னுட்டு.

இந்தா மறுபடியும் அடிக்கு.

எந்திரிச்சு வா. நீ நின்னுக்கிட்டுத்தான இருக்க, வா. கதவத் தள்ளு. நான் பாத்துக்கிடுதேன், நீ தள்ளு. தலைக்கு மேல போயாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன. சாமி ஒண்ணும் சொல்லாது. சொன்னா என்கிட்ட சொல்லட்டும். தயங்காத தாயி. வலது கால எடுத்து வச்சு உள்ள போ.

ஸ்டூலு ஆடும், பாத்து. இரு, நான் பிடிச்சுக்கிடுதேன். இடது கை நல்லாத்தான இருக்கு. ஏறு. முருகரு படத்தப் பிடிக்காத, ஆணி லொடலொடன்னு இருக்கு. பலகையப் பிடி. ஆத்தாடி, எம்புட்டுக் கரி! நான் கவனிக்கவே இல்ல. தொட, நல்லாத் தொட. என் முந்தானை வேணுமா? இந்தா.

பச்சை எரியுதா? எரியுதா? இந்தா, என் போனு கேக்கு. யாரோ உள்ள வரணுமாம். ஏதோ எழுத்தும் நம்பருமா இருக்கு. உன் போனா? டெஸ்ட் பண்ணிப் பாக்கணுமா? சரி, இந்தா, பச்சை. போ.

ஆவுடையப்பா, வந்துட்டுடா, வந்துட்டு! வீடியோல வா. காட்டு, பிள்ளையக் காட்டு. எம்மா தாரு! இங்க பாரு, ஆச்சி இங்க இருக்கேன், இங்க பாரு. ஐயோ, பட்டுப் பாவாடை. ஆசாரி, பாத்து, பாத்துய்யா. அழாத என் ராசாத்தி. முடிஞ்சுது. ஒரு காது முடிஞ்சுது. இன்னும் ஒண்ணுதான்.

வல்லியா? ஏளா, நல்லாருக்கியா? மெலிஞ்சு போயிருக்க. பிள்ளைக்கு மஞ்ச வச்சு விடு, சீழ் கோக்காம. என்னது? பெட்டியா? யாரு போட்டதா? யாரும் போடலளா. தானா வந்துட்டு.

ஆமா. தானாத்தான்.

ஏன் சிரிக்கா அவ? சரி, வை, பிள்ள அழுது, முதல்ல அதப் பாரு. அப்புறம் கூப்பிடு.

எம்மா, நீ ஏன் இன்னும் ஸ்டூல்லயே நிக்க? எறங்கி வா. என்னைய அப்பிடிப் பாக்காத. காப்பி இப்பக் குடிப்பேல்லா? குடிக்கணும். முதல்ல இதச் சொல்லு, அந்த வயரு ஹால் வரைக்கும் எட்டுமா? டிவி இருந்த இடத்துல, செருப்பு வைக்கிற இடத்துக்கு மேல. அவ சொன்னான்னு இல்ல. எனக்குக் கை முடியல, இனிமே ஏற முடியாதுல்லா, அதுக்குத்தான். யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவேன், நீயும் அப்பிடியே சொல்லு. எட்டலன்னா இன்னொரு வயரு வாங்கிட்டு வா, நான் இங்கதான் இருப்பேன், எங்கயும் போக மாட்டேன்.

எட்டுதா? அப்ப மாட்டிரு.